சோதி அக்காவின் பெயரில் ஐந்து மாதம்

பிழை திருத்தாமல் ஒரு கடிதத்தையும் வாசித்து முடிக்காத என் அக்கா சோதிக்கு,

ரவி எழுதுகிறேன். நீ போய் ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கிறது. ஆஸ்பத்திரியில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். நீ போன பிறகு உன் பெயரில் நிறையப் பொய் எழுதினேன். இரண்டையும் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். எழுத்துப் பிழை இருந்தால் இந்த ஒருமுறை விட்டுவிடு.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பாய். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களுக்கெல்லாம் உன் படம் போட்டு உன் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தோம். நீ பிறந்தது, படித்தது, இங்கே ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரப் பாண் பேக்கரியில் இருபத்திரண்டு வருடம் பொதி கட்டியது எல்லாம் அதில் இருக்கிறது. பதினோராம் பக்கத்தில், ‘தமக்கையைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்த தம்பி’ என்று என்னைப் பற்றியும் ஒரு வரி. இருநூறு பிரதி அச்சடித்தாயிற்று, பலர் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதனால் இதையும் அச்சில்தான் சொல்ல வேண்டும். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுப்புகிறேன்.

வாசிக்கிறவர்களுக்காக உன் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். முழங்கால் போய் வேலையை விட்ட பிறகு, அக்கா கணினியில் சீனாக்காரர் ஏழு பேருக்கு இங்கிலிஷ் படிப்பித்தா. எல்லாம் எழுத்தில். தன் குரலைத் தானே கேட்க அவவுக்குப் பிடிக்காது. ஒரு மாதத்துக்கு ஒரு சொல், அதுவும் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல்லாகத்தான் இருக்கும்.

“அக்கா, உனக்கு விசரே? ஜேர்மனியில இருந்துகொண்டு சீனாக்காரருக்கு இங்கிலிஸ் படிப்பிக்கிறாய்,” என்று நான் பகிடி பண்ணுவேன்.

“நீயும் வந்து இரன். ஆனா அவையள் உன்னை விடக் கெட்டிக்காரர், பிறகு வெக்கப்படுவாய்,” என்பாய்.

உன் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். எழுதுகிற வசனம் உண்மையாக இருக்க வேண்டும். அன்று உனக்கு நடந்ததை மட்டும் எழுது. புத்தகத்தில் வரும் டொம் அப்பிள் எடுத்த கதை எல்லாம் வேண்டாம். ஆளுக்கு மூன்று வசனம். நீ திருத்தி, கடைசியில் உன்னுடைய உண்மை ஒன்றையும் எழுதுவாய். உன் உண்மைகளில் பாதி முழங்கால் நோவைப் பற்றியவை.

நீ மூச்சு முட்டி விழுந்த மாதம் ‘டேக்’ என்ற சொல் நடந்துகொண்டிருந்தது. கொப்பியில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாய். சீனத்தில் மருந்தைச் சாப்பிடுவார்களாம், பேருந்தில் உட்கார்ந்திருப்பார்களாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்லாம். நாங்கள் குளிசை போடுகிறோம், பஸ்ஸில் போகிறோம், படம் எடுக்கிறோம். இங்கிலிஷ்காரன் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறான் என்று தமிழில் ஓரத்தில் எழுதியிருந்தாய். இன்னொரு இடத்தில், ‘இவர்களின் சீனத்தில் கொண்டுவருவதும் கொண்டுபோவதும் ஒரே சொல். சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் கேட்கப் பழக்க வேண்டும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே அடிக்கோடு போட்டு ‘ஐந்தாம் பாடம்’ என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறாய். வியாழக்கிழமை அம்புலன்ஸ் வந்தது. ஞாயிறு காலை நீ இல்லை.

உன் சாவை நான் எத்தனை இடத்தில் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. பதிவு அலுவலகம், காப்புறுதி, ஓய்வூதியம், வீட்டுக்காரர், முழங்கால் டொக்டர். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து ஒரு டெர்மின், ஒவ்வொரு டெர்மினிலும் ‘என் சகோதரி இறந்துவிட்டா’ என்று ஜேர்மனில் சொன்னேன். அந்தப் பாஷையில் அது ஒரு படிவத்தின் பெட்டியை நிரப்புவதுபோல வந்தது, வாய் நடுங்கவே இல்லை. அவர்களும் அனுதாபம் சொல்லிவிட்டு அடுத்த தாளைக் கேட்டார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் மத்தியானம் உன் கணினியைத் திறந்தேன். மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன். ஏழு பேரும் எழுதியிருந்தார்கள். டீச்சர் சோதி, சுகமா? டீச்சர் சோதி, முழங்காலா? மருந்துக்கடையில் வேலை செய்கிற லிங் என்ற பெண் மூன்று தடவை கேட்டிருந்தாள். நான் பதில் எழுத உட்கார்ந்தேன். எல்லா இடத்திலும் உன்னைச் சாகக் கொடுத்தாயிற்று, இந்த ஏழு பேரிடம் மட்டும் நீ இன்னும் இருக்கிறாய் என்று தோன்றியது. அதையும் நானே முடித்துவைக்க வேண்டுமா? கை வரவில்லை, அக்கா. ‘கொஞ்சம் ஓய்வெடுக்கிறேன், சுகம்’ என்று எழுதி அனுப்பினேன். கீழே உன் பெயரைப் போட்டேன்.

அப்படித்தான் தொடங்கியது. காலை ஷிப்டில் பஸ் ஓட்டிவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கு அங்கே இரவு, வசனங்கள் வந்து காத்திருக்கும். உன் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு திருத்துவேன். மருந்தைச் சாப்பிட்டேன் என்று எழுதினால் ‘டேக்’ என்று மாற்றுவேன், பெரிய பண்டிதன் மாதிரி. என் திருத்தங்களில் எத்தனை பிழையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கடைசியில் உன் உண்மை வசனத்தையும் எழுத வேண்டுமே. ‘இன்று தம்பி என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான்.’ ‘இன்று சந்தைக்கு நடந்துபோய் வந்தேன், முழங்கால் நோகவில்லை.’ எழுத எழுத ஒரு சந்தோசம். என் பொய்யில் நீ படியேறினாய், மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தாய், ஒரு நாள் என்னை ஏசினாய்கூட.

ஏழு பேரில் மிஸ்டர் ஹானை உனக்குத் தனியாகப் பிடிக்கும். ஓய்வுபெற்ற மின்சார வேலைக்காரர், எழுபது வயதில் இங்கிலிஷ் படிக்கிறவர், ஒவ்வொரு வசனத்துக்கும் இலக்கம் போட்டு அனுப்புகிறவர். நீ போய் இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவருடைய மூன்று வசனம் வந்தது. ஒன்று, இன்று ட்ராமில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு, மனைவியின் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொண்டுபோனேன். மூன்று, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர்கள் சொல்கிறார்கள், அவள் வீட்டுக்குப் போகக் கேட்கிறாள், மகன் வேண்டாம் என்கிறான், டீச்சர் சோதி, நான் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

மறுநாள் ஷிப்ட் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் ஓட்டினேன். ஒரு தரிப்பிடத்தில் நிற்காமலே போய்விட்டேன், பின்னாலிருந்த ஜேர்மன் அம்மா ஒருவர் கத்தின கத்தலில்தான் நினைவு வந்தது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எழுதினேன். ‘கூட்டிக்கொண்டு போங்கள். இன்றைக்கே போங்கள். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.’ கீழே உன் பெயர்.

இனி அந்த மற்றப் பொய்யைச் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? மூக்கில் குழாயோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

“ரவி, என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போடா.”

“ஊருக்கோ அக்கா?” என்றேன், விசரன்.

“ஊரில எனக்கு ஆரடா இருக்கினம்? எங்கட வீட்டை. என்ர கட்டிலுக்கு.”

கேட்டுக்கொண்டு வாறன் என்று வெளியே போனேன். தாதி நடைபாதையில் நின்றாள். நீங்கள் கையெழுத்துப் போட்டால் இன்று பின்னேரமே வாகனம் ஒழுங்கு பண்ணலாம், ஒக்சிசன் வீட்டுக்கு வரும், ஒரு தாதியும் வந்து பார்ப்பாள் என்றாள். அவள் தெளிவாகத்தான் சொன்னாள், எனக்கும் தெளிவாகத்தான் விளங்கியது. நான் திரும்பி வந்து உனக்கு என்ன சொன்னேன்?

“இப்ப ஏலாதாம் அக்கா. திங்கட்கிழமை பெரிய டொக்டர் வந்துதான் சொல்லுவாவாம். கொஞ்சம் பொறு.”

“ஓம், சரி,” என்றாய். திரும்பக் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

எனக்குப் பயம், அக்கா. வேறு ஒரு காரணமும் இல்லை. இரண்டாம் மாடி, நாங்கள் இரண்டு பேர் மட்டும், என் முன்னால் உனக்கு மூச்சு நின்றால் நான் என்ன செய்வேன் என்ற பயம். முப்பது வருடம் ஒரே வீட்டில் எனக்குச் சமைத்துப்போட்ட உன்னோடு ஒரு இரவு இருக்கப் பயந்தேன். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து தூங்கியும்விட்டேன். காலையில் தொலைபேசி வந்தது. பிறகு உன் அஸ்தியையாவது ஒரு நாள் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டேன், அதற்கு இங்கே சட்டம் இடம் தராது என்றார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டும் வரவில்லை, எடுத்துக்கொண்டும் வரவில்லை.

ஹான் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். பத்தொன்பது நாள் வீட்டில் இருந்தா. யன்னல் பக்கத்தில் கட்டில் போட்டதை, சூப் குடித்ததை, அயலவர்கள் வந்ததை எல்லாம் இலக்கம் போட்டு எழுதினார். பிறகு அவ இறந்துவிட்டா என்று எழுதினார். அதன்பின் ஒவ்வொரு கிழமையும் உனக்கு நன்றி சொன்னார். போன மாதம், ‘டீச்சர் சோதி, ஒரு தடவையாவது உங்கள் குரலைக் கேட்டு நன்றி சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அழைக்கட்டுமா?’ என்று எழுதினார்.

வேறு யாரும் கேட்டிருந்தால் இருமல், தொண்டை நோ என்று ஏதாவது அளந்திருப்பேன். மனைவியைப் பறிகொடுத்த மனுசனிடம் அதுவும் முடியவில்லை. ஏழு பேருக்கும் ஒரே கடிதம் எழுதினேன். என் அக்கா ஐந்து மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டா, அன்றிலிருந்து எழுதியது நான், நான் ஒரு பஸ் ஓட்டுநர், மன்னியுங்கள். நாலே வரி. மத்தியானம் தொடங்கி எழுதி முடிக்கப் பொழுதுபட்டுவிட்டது. உன் சாவை நினைத்து நான் முதல்முதல் விம்மி அழுதது அன்றைக்குத்தான்.

இரண்டு பேர் வகுப்பை விட்டு விலகினார்கள். லிங், ‘அப்படியானால் மழையில் நடந்தது யார்? நாங்கள் ஏழு பேரும் அவருக்காக அழ வேண்டிய நாட்களை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்’ என்று எழுதினாள். நியாயமான பேச்சு.

ஹானிடமிருந்து பதினொரு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. ஒரே ஒரு வரி. ‘திங்கட்கிழமை என்று ஏன் எழுதினீர்கள்? நான் கேட்டது புதன்கிழமை அல்லவா?’

அன்று நான் எதையும் ஒளிக்கவில்லை. நீ கேட்டதை, தாதி சொன்னதை, நான் உனக்குச் சொன்னதை, எனக்கிருந்த பயத்தை, எல்லாவற்றையும் என் ஓட்டை இங்கிலிஷில் எழுதினேன். உங்களுக்குச் சொன்ன புத்தி என் அக்காவுடையது அல்ல, என் குற்றம் பேசியது என்றும் எழுதினேன். எனக்கு அந்த மனுசன் ஏசினால் போதும் என்றிருந்தது.

முந்தாநாள் டிப்போவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. இம்முறை இலக்கம் போடவில்லை. தமிழில் சொல்கிறேன், கேள்.

‘டீச்சருக்கு நான் எழுதியது எல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் எழுதவில்லை. பதினெட்டாம் நாள் பின்னேரம் அவளுக்கு மூச்சு முட்டியது. பயந்துபோய், என்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டாள். வீட்டில் இருப்பதுதான் சரி என்று டீச்சர் சொல்லியிருக்கிறா, விடியட்டும் என்று சொன்னேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. இதை அவ்வளவு நல்ல ஒரு ஆசிரியைக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை. உங்களுக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்.’

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். நான் நான்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்ட அவருடைய மனுசிக்கு அந்த இரவு வேறுமாதிரி இருந்திருக்குமோ? உனக்கு என் சொல்லால் ஒரு இரவு, அவவுக்கு உன் பெயரில் நான் சொன்ன சொல்லால் ஒரு இரவு. இதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது, அக்கா?

அவருக்கு நேற்றுப் பதில் எழுதினேன். நானும் இருக்கிறேன், எழுதுங்கள் என்று மட்டும். கீழே என் பெயரைப் போட்டேன். இனி உன் பெயரில் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன், இது சத்தியம். அந்த மனுசன் எழுதும்வரைக்கும் ஒவ்வொரு மத்தியானமும் அவருக்குப் பதில் எழுதுவேன், பொறுங்கள் என்று மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

நீ கேட்டும் உன்னைக் கூட்டிக்கொண்டு வராத,
உன் தம்பி
ரவி