சீலு சரியா விழல, மச்சான்

முதுநகர்
12.6.2009

அன்பு மச்சான் ஜக்கரியாவுக்கு ஹபிபுல்லா ஸலாம் சொல்லி எழுதுறது.

இங்க நானு, என் பொண்டாட்டி, அதான் ஒன் லாத்தா ஷரீபா, எம்பொண்ணு ஃபஹீமா எல்லாரும் சொகம். அங்க நீயும் ஒன் மூக்குக்கண்ணாடியும் சொகமா?

நேத்து நீ போன்ல சொன்னத ஒன் லாத்தா சொன்னா. என்கிட்டயே சொல்லிருக்கலாம். போன்ல எனக்குக் காது கேக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பிடி இல்ல. ஒன் கொரலு மட்டுந்தான் கேக்காது. அதனால நீ சொல்றத கடுதாசியில சொல்லு.

ஒன் மவன் இம்தியாஸுக்கும் ஃபஹீமாவுக்கும் நிக்காஹ் பேசிட்டோம். அதுக்குள்ள அவ கம்ப்யூட்டர்ல வச்சிருக்கற ஸ்டாம்பு கடைய மூடிடணும்னியாம். யாரும் வாங்காத கடைக்கு எதுக்கு கரண்டுன்னு கேட்டியாம். கேள்வி சரிதான். ஒங்க வாப்பா பினாங்குலேருந்து போட்ட கடுதாசி, இந்தத் தெருவுலேருந்து கடல் தாண்டி சபுருக்குப் போனவங்க போட்ட கடுதாசி, எல்லாத்துலேருந்தும் ஸ்டாம்ப ஊறவச்சி எடுத்து, போட்டோ புடிச்சி வச்சிருக்கா. பாக்க வர்றவன் ஜாஸ்தி, வாங்கறவன் கம்மி. பெருநாளு சமயத்துல ஒன் பொண்டாட்டி துணிக்கடைக்குப் போவுமே, அந்த மாதிரி.

ஆனா எப்பவாவது ஒரு ஆர்டர் வந்துட்டா, உள்ளேருந்து “வாப்பா”ன்னு ஒரு சத்தம் போடுவா பாரு, அது எனக்குத் தெருமுனை டீக்கடையில இருந்தாலும் கேக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இத எழுதுறேன்.

அவளே கெடு வச்சிட்டா. “ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாக்குறேன் வாப்பா. வாங்கறவங்க பெருகலன்னா நானே மூடிட்டு மாமா வூட்டுக்கு வந்துடுறேன்”னு சொல்லிட்டா. அது வரைக்கும் பொறு மச்சான்.

ஒன்ன விட்டா வம்பிழுக்க ஆளில்லாத
ஹபிபுல்லா


சிதம்பரம்
20.6.2009

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

கடிதம் கிடைத்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வரை பொறுக்கிறேன். ஆனால் என் கருத்து மாறவில்லை. மேலவீதியில் இத்தனை வருடமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வாங்குபவன் கண்ணைப் பார்த்துத்தான் விற்றேன், அவனும் என் கண்ணைப் பார்த்துத்தான் வாங்கினான். முகம் தெரியாதவனோடு என்ன வியாபாரம்? நாளைக்கு ஒருவன் ஏமாற்றினால் என் மருமகள் யார் சட்டையைப் பிடிப்பாள்?

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய கவரில் தபால்தலை தலைகீழாக இருக்கிறது. மூலையில் மீன்குழம்புக் கறை. தபால்தலை விற்கிற வீட்டிலிருந்து வரும் கவரா இது? என் கவரைப் பாருங்கள். வலது மேல் மூலையில், இரண்டு விளிம்புக்கும் நேராக ஒட்டியிருக்கிறேன். பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

லாத்தாவுக்கு ஸலாம். அவர்கள் கேட்ட இட்லிப் பானை வந்துவிட்டது. பஸ்ஸில் வரும் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

தங்கள்
ஜக்கரியா


முதுநகர்
18.7.2009

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

பானை வந்துது. மூடிதான் ஒன் மனசு மாதிரி இறுக்கமா இருக்குது. தெறக்க ரெண்டு ஆளு வேணும்.

இங்க நான் ஒரு வேல பண்ணிட்டேன். ஒன் காதுக்கு வேற ஆளு மூலமா வர்றதுக்குள்ள நானே சொல்லிடுறேன். டென்மார்க்குன்னு ஒரு ஊராம். அங்கேருந்து ஒருத்தரு மலாயா ஸ்டாம்பு ஒண்ணு வாங்குனாரு. ஃபஹீமா கவர என் கையில குடுத்து, “வாப்பா, பெரிய ஸ்டாம்பா வாங்கி ஒட்டி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க”ன்னா. கவுண்டர்ல நம்ம அந்தோணிசாமி இருந்தான்.

“பெருசு தீந்துபோச்சி பாய். சில்லறை ஸ்டாம்புதான் கெடக்குது. வாங்க ஆளில்ல. எடுத்துக்குறியா?”

நானும் பெரிய மனுசன் மாதிரி தலைய ஆட்டிட்டேன். தாளு தாளா குடுத்தான். முன்னாடி ஒட்டுனேன், எடம் பத்தல. பின்னாடி திருப்பி ஒட்டுனேன். விலாசத்துக்கு மட்டும் ஜன்னல் மாதிரி எடம் வுட்டேன். ஒண்ணொண்ணுக்கும் சீல் குத்தி முடிக்கறதுக்குள்ள அந்தோணிசாமிக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சி. “இனிமே நீ ஒண்டியா வராத பாய், பொண்ண கூட்டிக்கிட்டு வா”ன்னு தொரத்தி வுட்டான்.

ஃபஹீமா ரிஜிஸ்டர் ரசீத மட்டும் வாங்கி வச்சிக்கிட்டா. அவளுக்கும் சேத்து ஒன் லாத்தா பேசுனா. “சுவத்துல போஸ்டர் ஒட்டுறவன் கையில குடுத்துட்டாங்கன்னு வெள்ளக்காரன் நெனப்பான்”னா. இருந்த ஒரு ஆளையும் நானே வெரட்டிட்டேன் போல. நீ சந்தோசப்படு. நான் சாப்புடப் போறேன்.

ஒட்டுறதுல ஓட்டாண்டி
ஹபிபுல்லா


முதுநகர்
29.8.2009

மச்சானுக்கு ஸலாம். நோன்பு எப்பிடிப் போவுது?

சந்தோசப்பட்டியா? இப்ப கொறச்சிக்க. டென்மார்க்குக்காரரு எழுதியிருக்காரு. ஃபஹீமா படிச்சிச் சொன்னா. உள்ள இருந்த ஸ்டாம்பு நல்லா இருக்குதாம். ஆனா கவருதான் ரொம்பப் புடிச்சிப்போயி கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டிட்டாராம். அடுத்த தடவ உள்ள என்னா வேணாலும் வையி, வெளிய மட்டும் இதே மாதிரி ஒட்டுங்கறாரு. ஸ்டாம்பு சேக்குற அவரு கூட்டாளிங்களும் கேக்குறாங்களாம்.

எம்பொண்ணு விடுவாளா? கடை முகப்புலயே எழுதிப் போட்டுட்டா. எங்க கவரு எல்லாம் மேல பூரா ஸ்டாம்பு ஒட்டித்தான் வரும், எந்த ஊரு சீல் வேணும்னு சொல்லுங்க, அந்த ஊருலேருந்து அனுப்புறோம்னு. அதுக்கு நாந்தான் பஸ்ஸு. ஒரு நாளு நெல்லிக்குப்பம் போறேன், ஒரு நாளு மங்கலம்பேட்டை போறேன். கரும்பு லாரிக்குப் பின்னாடி புழுதி தின்னுக்கிட்டே போயி சீல் வாங்கியாறேன். வாங்கறவங்க கொஞ்சம் கொஞ்சமா வர்றாங்க மச்சான்.

நீ பெரும பீத்திக்கிட்டியே ஒரு கவரு, அத ஃபஹீமா பூதக்கண்ணாடி வச்சிப் பாத்தா. ஸ்டாம்பு நேராத்தான் இருக்குது, ஒத்துக்கறேன். ஆனா சீலு சரியா விழல, மச்சான். ஊரு பேருல மொத எழுத்தே காணோம். “தம்பரம்”னு படிச்சா. நான் நீ தாம்பரத்துக்குக் குடிபோயிட்டன்னு நெனச்சி பயந்துட்டேன்.

ஹபிபுல்லா


சிதம்பரம்
5.9.2009

மச்சான் அவர்களுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

தாம்பரம் என்று எழுதியிருந்தீர்கள். நோன்பு வைத்துக்கொண்டு, இந்த வெயிலில், தபாலகம் போய் நின்று இந்தக் கவருக்கு முத்திரை வாங்கியிருக்கிறேன். மையைத் தொட்டு, ஒரு தரம் வெற்றுத்தாளில் குத்திப் பார்த்துவிட்டு, பிறகு குத்துங்கள் என்று சொன்னேன். அங்கே மலர்க்கொடி என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். “இது கடுதாசியா, கல்யாணப் பத்திரிகையா பாய்?” என்று கேட்டாள். ஆனாலும் நான் சொன்னபடியே குத்தினாள். இப்போது கவரைப் பாருங்கள். சிதம்பரம் முழுசாக இருக்கிறது. தேதியும் இருக்கிறது.

நாலு பேர் கவருக்கு ஆசைப்பட்டால் அது கடை ஆகிவிடாது.

ஜக்கரியா


முதுநகர்
28.9.2009

மச்சானுக்குப் பெருநாள் ஸலாம்.

சீலு நல்லா விழுந்துது. ஆனா அண்ணாமலை நகர்ல இதவிட நல்லா குத்துறாங்கன்னு கேள்வி. ஒனக்கு அவ்ளோ தூரம் நடக்க முடியாது, பாவம், வயசாயிடுச்சி. பரங்கிப்பேட்டை சீல பத்தி ஒன்கிட்ட சொல்லவே கூடாது.

ஸ்டாம்பும் ஒண்ணு ரெண்டோட நிறுத்திடுற. கடைக்காரன் கைன்னா அப்பிடித்தான் இருக்கும்.

ஃபஹீமாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி. அடிக்கடி “வாப்பா வாப்பா”ன்னு கூப்புட வேண்டியிருக்குது.

ஹபிபுல்லா


அண்ணாமலை நகர்
10.10.2009

மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

நடந்தே வந்தேன். நடந்தே திரும்புவேன். கவர் முழுக்க ஒட்டியிருக்கிறேன், ஒன்றுகூடக் கோணல் இல்லை. அளவுகோல் வைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் வேறு வேலையாகப் பரங்கிப்பேட்டை போகிறேன். வேறு வேலையாகத்தான்.

ஜக்கரியா


சிதம்பரம்
9.11.2009

ஹபிபுல்லா அவர்களுக்கு,

நேற்று இம்தியாஸ் அவன் கம்ப்யூட்டரில் உங்கள் கடையைக் காட்டினான். பார்த்துச் சிரிப்பேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. அங்கே என் கவர்கள் இருந்தன. என் கையெழுத்தில் உங்கள் விலாசம். சிதம்பரம், அண்ணாமலை நகர், பரங்கிப்பேட்டை எல்லாம் வரிசையாக. மேலே தலைப்பு, “கோபக்கார மச்சானின் கவர்கள்.” கீழே ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. இம்தியாஸ் படித்துச் சொன்னான். “இவருக்குக் கோபம் ஏற ஏற ஸ்டாம்பு நேராகும்.” இது உங்கள் வாய் என்று எனக்குத் தெரியும்.

நோன்பில் வெயிலில் நின்றேன். பரங்கிப்பேட்டைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உங்களுக்கு என்று நினைத்து ஒட்டினேன். நீங்கள் விற்பதற்கு என்னை வேலை வாங்கியிருக்கிறீர்கள்.

கடையை மூடுங்கள். மூடிய செய்தி வந்த பிறகுதான் நிக்காஹ் தேதி குறிப்பேன். இனி உங்களுக்கு நான் கடிதம் எழுத மாட்டேன்.

ஜக்கரியா


முதுநகர்
16.11.2009

மச்சானுக்கு ஸலாம். நீ போடலன்னா என்னா, நான் போடுறேன்.

மழ கொட்டுது. தெருவுல முழங்காலு தண்ணி. அதுலயும் இத எடுத்துக்கிட்டு தபாலாபீஸ் போவப் போறேன்.

பண்ணது நாந்தான். ஃபஹீமா தலையில போடாத. “மாமா ஒத்துக்கிட்டாரு, சந்தோசமாத்தான் ஒட்டுறாரு”ன்னு நான் சொன்னத நம்பி போட்டுட்டா. கடுதாசி ஒண்ணும் விக்கல, அதெல்லாம் ஒன் லாத்தா தலகாணிக்கு அடியில வச்சிருக்கா. கவரு மட்டுந்தான் போனது. நீ எழுதுனத ஃபஹீமா படிச்சிட்டு, விக்காம மிச்சம் இருந்த ஒன் கவர எல்லாம் கடையிலேருந்து எடுத்துட்டா. “மாமா கையெழுத்த மாமாவ கேக்காம வித்திருக்கோம் வாப்பா. பெருநாளு முடிஞ்சதும் கடையையும் மூடிடுறேன்”னு சொல்லி கம்ப்யூட்டர் மேல துணியப் போட்டு மூடி வச்சிருக்கா. வூட்டுல ஒரு சத்தமும் இல்ல. எனக்கு நெசமாவே காது போயிடுச்சோன்னு இருக்குது.

இப்ப நான் சொல்றத கேளு. எனக்கே விலாசம் எழுதி நான் ஒட்டுன கவரையும் கடையில போட்டுப் பாத்தேன், “சிரிக்கற மச்சான்”னு பேரு வச்சி. ஒருத்தனும் சீண்டல. சும்மா தர்றேன்னு போட்டேன், அப்பயும் வரல. ஒன்னுதுக்குப் போட்ட அன்னிக்கே ஆளு வந்துடுது. எனக்கு எவ்ளோ எரிச்சலா இருக்கும்னு யோசிச்சிப் பாரு.

கண்ணப் பாத்துத்தான் வியாபாரம்னு எழுதுன இல்ல? ஜப்பான்லேருந்து ஒரு அம்மா நம்ம கடைப் பக்கத்துலயே எழுதியிருக்கு. ஒன் கவர வாங்குன அம்மா. “இந்தக் கவர ஒட்டுனவரு ஒரு ஸ்டாம்பகூட கோணலா வைக்கல. இப்பிடி ஒருத்தரு இருக்கற குடும்பம் ஏமாத்தாது. அதனால இனிமே இந்தக் கடையிலதான் வாங்குவேன்”னு எழுதியிருக்கு. சொன்ன மாதிரியே வாங்குச்சி. மத்தவங்களும் அதப் படிச்சிட்டு வந்தாங்க. நெல்லிக்குப்பம் சீலு, மங்கலம்பேட்டை சீலு, பினாங்கு ஸ்டாம்பு எல்லாம் அதுக்கப்பறந்தான் ஓடுச்சி. ஒன் கண்ண யாரும் பாக்கல மச்சான். ஆனா ஒன்னப் பாத்துத்தான் வாங்குறாங்க.

வாங்கறவங்க பெருகணும்ன்றதுதான் கெடு. பெருகிட்டாங்க. பெருக்குனது நீ. மூடச் சொல்றதும் நீ. எது வேணுமோ முடிவு பண்ணிக்க, நான் வம்பிழுக்க மாட்டேன்.

ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. ஒன் கடைசி கவர அவசரத்துல கட்டவெரலால கிழிச்சிட்டேன். கோவத்துல ஒட்டுனதுதான் எல்லாத்தவிட நேரா இருந்துது. பாழாப்போச்சி.

ஹபிபுல்லா


சிதம்பரம்
1.12.2009

அன்புள்ள மச்சானுக்கு ஜக்கரியாவின் பெருநாள் ஸலாம்.

ஜப்பான் அம்மாள் எழுதியதை இம்தியாஸைப் படிக்கச் சொன்னேன். மறுபடியும் படிக்கச் சொன்னேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவன் சிரித்துவிட்டான். பிறகு என் கடைக்கு வந்த மலர்க்கொடியிடம் நானே சொன்னேன். “நான் குத்துன சீலா ஜப்பான் போச்சு?” என்று கேட்டுவிட்டு, எவர்சில்வர் தம்ளர் வாங்க வந்தவள் வாங்காமலேயே போய்விட்டாள்.

ஃபஹீமாவிடம் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் மேல் இருக்கும் துணியை எடுத்துவிட வேண்டியது. நிக்காஹ் ஜனவரியில். பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் அறையைக் காலி செய்து வெள்ளை அடிக்கிறேன். மேசை போட்டாகிவிட்டது. அங்கிருந்து தபாலகம் நடக்கிற தூரம்தான். மிச்சமிருக்கும் என் கவர்களை மறுபடி கடையில் வைக்கச் சொல்லுங்கள். “கோபக்கார” என்பதை எடுக்க வேண்டாம். அதுதான் ஓடுகிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு ஒன்று. நீங்க ஒட்டவே வேணாம் மச்சான். பஸ்ஸுல போயிட்டு வாங்க, போதும்.

இந்தக் கவரையும் கட்டைவிரலால்தான் கிழித்திருப்பீர்கள். தெரியும். அதனால் இன்னொரு கவரைத் தனியாகப் போட்டிருக்கிறேன், இதற்குப் பின்னாலேயே வரும். அதைப் பிரிக்காதீர்கள். உள்ளே ஒன்றும் இல்லை. நேராகக் கடையில் வையுங்கள்.

சீலு சரியா விழுந்திருக்கு. கூடவே நின்னு பாத்தேன்.

உங்கள் கோபக்கார மச்சான்
ஜக்கரியா