ஐந்து டப்பாவும் மீனுவின் மூக்கும்

ஔந்த், புணே
சனிக்கிழமை

சிரஞ்சீவி பத்ரிக்கு அம்மா மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே என் முழங்கால் உள்பட எல்லோரும் சௌக்கியம், அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. முதலில் நல்ல சமாசாரம். உன் அக்கா பிள்ளை ராம்கி சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் ஒரே தடவையில் பாஸ். உன் தம்பி விச்சுவின் பெண் ப்ரீதி நீச்சலில் ஜில்லாவுக்கே இரண்டாவது, மெடலைக் கழற்றாமலே தூங்கினாளாம். உன் பெண் மீனு மூன்றாம் கிளாஸில் கணக்குக்கு முழு மார்க். ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் பேரன் பேத்தியா இதுகள் என்று எனக்கே மலைப்பு. ஆனால் இதை மீனுவுக்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் அவள் காதில் விழும். பதறாமல் கடைசிவரை படி.

போன செவ்வாய்க்கிழமை அவள் பள்ளியில் மூக்கைப் பற்றிப் பாடம். வீட்டுப் பெரியவர் யாராவது ஐந்து வாசனைச் சாமான் எடுத்து வர முடியுமா, உள்ளே இருப்பது தெரியாத டப்பாவாக வேண்டும் என்று ஆப்டே மிஸ் கேட்டிருந்தாள். உன் ஆத்துக்காரி ஸ்ரீலக்ஷ்மிக்கு பாணேரில் ஆபீஸ், அதனால் நான் போனேன். நான் சேர்த்து வைத்திருக்கும் காலிப் பெருங்காய டப்பாக்களில் ஐந்தை எடுத்து, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, மீனு வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஏலக்காய், காபிக்கொட்டை, சுக்கு, எலுமிச்சைத் தோல், ரோஜா இதழ் என்று போட்டு, மூடியில் துளை குத்தி இரண்டு நாள் முன்னாலேயே தயாராக வைத்துவிட்டேன். மிஸ் பாடம் எடுத்த அழகை என்னவென்று சொல்ல! பொருளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளிகள் கிளம்பிக் காற்றில் ஏறி வந்து மூக்குக்குள் நுழைவதுதான் வாசனையாம். அப்படியானால் இத்தனை வருஷம் நான் முகர்ந்த பூவெல்லாம் கொஞ்சம் எனக்குள்ளேயே வந்து போயிருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் இதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஐந்து பெயரையும் போர்டில் எழுதிவிட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் கண்ணைக் கட்டி முகரச் சொன்னாள். முதல் பையன் ஹிங் என்றான், நம்ம பெருங்காயம்தான். அடுத்தவளும் ஹிங். ஐந்து டப்பாவும் ஹிங் ஹிங் என்று கிளாஸே சிரிப்பு, ஆஜி எல்லாத்துலயும் ஹிங் போட்டுட்டாங்க மிஸ் என்று ஒரு வாண்டு என்னைக் காட்டிக் கத்தினான். என் முகம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தினம் புழங்கிப் புழங்கி என் மூக்குக்கு அது உறைக்கவே இல்லை. அப்புறம் மீனு வந்தாள். டப்பாவை முகர்ந்தாள், காதோரம் லேசாக ஆட்டினாள், ஐந்தையும் சரியாகச் சொல்லிவிட்டாள்! என் பேத்தியாக்கும் என்று நான் எழுந்து நின்றே கை தட்டினேன். மிஸ் மட்டும் கை தட்டவில்லை. தானும் ஒரு டப்பாவை முகர்ந்து பார்த்தாள், மீனுவின் கண்கட்டை அவிழ்த்து ஓரமாக அழைத்து முதுகைத் தடவி, உனக்கு ஹிங் வாசனை வரலையா பேட்டா என்று கேட்டாள். குழந்தை என்னைத்தான் பார்த்தது. பாட்டி, எல்லாரும் வாசனை, வாஸ்னு சொல்றாளே, அது எப்படி இருக்கும், எனக்கு ஒண்ணும் வராது, சத்தத்தை வெச்சுதான் சொன்னேன், மத்தபடி மத்தவா மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிடுவேன் என்றாள். எட்டு வருஷம்டா பத்ரி! மூக்கில்லாமலே மூக்குள்ளவர்கள் மத்தியில் ஒருத்தருக்கும் தெரியாமல் நடமாடியிருக்கிறது. இந்தச் சாமர்த்தியத்துக்குப் பெருமைப்படுவதா, இத்தனை நாள் கவனிக்காமல் இருந்ததற்கு அழுவதா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் காட்டியாயிற்று. சில பேருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்குமாம், வருகிற வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். கேஸ் கசிந்தால் தெரியாது, பால் திரிந்தால் தெரியாது, ஜாக்கிரதையாக இருங்கள் என்றார். அதைக் கேட்டுத்தான் ஸ்ரீலக்ஷ்மி உடைந்துபோனாள், போன மாசம் கெட்டுப்போன தயிரைச் சாப்பிட்டதற்கு மீனுவை அடித்திருந்தாள். கேஸ் கசிந்தால் கத்துகிற மெஷின் மாட்டியாயிற்று. ஸ்கேன் வரட்டும், உங்க பிள்ளைக்கு இப்போ சொல்ல வேண்டாம் அம்மா என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, எனக்கு மனசு கேட்கவில்லை. நீ அவளைக் கோபிக்காதே. மீனுவிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. வாசனை என்றால் என்னவென்றே தெரியாதவள் எப்படிச் சொல்வாள்.

இன்னொன்று. நீ விட்டுப்போன நீல ஸ்வெட்டரைத் துவைக்காமல் வைத்திருந்து, குழந்தை ஏங்கும்போதெல்லாம் எடுத்துக் கொடுத்து, பாருடி அப்பா வாசனை என்பேன், அவளும் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆமாம் பாட்டி என்பாள். பின்னே எதற்கடி அதை விடாமல் வைத்துக்கொண்டாய் என்று நேற்றுக் கேட்டேன். அப்பா ஷேவ் பண்ணாதப்போ கன்னம் இப்படித்தான் குத்தும் பாட்டி என்றாள்.

வெளியில் போகும்போது காதை மூடிக்கொள், சாமியை வேண்டிக்கொண்டிருக்கிறேன், உனக்கு ஒரு குறையும் வராது. போனில் அனுப்பாமல், கையில் பிடிக்கிற மாதிரி புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. அன்றைக்கு மட்டும் ஷேவ் பண்ணிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தர்மாம்பாள்