எனக்கான இருபது நிமிடம்

ஸேலாந்து, நெதர்லாந்து, மே 9

அன்பு மகள் யாகோமினாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் இதுவரை காத்தார், கனடாவில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை, வெங்காயம் விதைத்தாயிற்று, மார்ச்சில் பசு கன்று போட்டது. போனில் சொன்னால் நீ அழுவாய், எனக்கு அழுகை வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பெந்தெகொஸ்தே கழிந்த செவ்வாய்க்கிழமை எனக்குக் கருப்பையை எடுக்கிறார்கள். புற்றுநோய். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது எடுத்த பிறகுதான் தெரியுமாம்.

மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆன எனக்குப் போன ஜூனிலிருந்து ரத்தம் பட்டது. வீட்டு நோட்டில் முட்டைக் கணக்கு எழுதும் பக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் குறி போட்டேன், யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிறு ஆராதனையில் போதகர் நோயாளிகளோடு என் பெயரையும் வாசிப்பார், பிறகு காபி குடிக்கும்போது என்ன நோய் என்று கேட்பார்கள், அந்த இடத்தின் பெயரை ஆலயத்தில் எப்படிச் சொல்வது. டாக்டரிடம் போகாமலும் இல்லை. இரண்டு முறை வழக்கமான பத்து நிமிடத்தை என் பெயரில் வாங்கிப் போய், அப்பா தானாக டாக்டரிடம் வர மாட்டார் அல்லவா, அவர் முழங்காலைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து வந்தேன். மூன்றாம் முறை கதவருகே நின்று சொன்னேன். வயசாகுதுல்லம்மா, அப்படித்தான் இருக்கும் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கன்று போட்ட அன்று உதவிக்கு வந்த பக்கத்துப் பண்ணை பீட்டர்நெல்லா, தேதி எழுத நோட்டைத் திறந்தவள், குறிகளைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். ஏண்டி நேல்ச்சே, மாட்டுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுற, நீயும் பால் கொடுத்தாத்தான் உனக்கு வைத்தியமோ என்றாள். மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து, பத்துக்குப் பதில் இருபது நிமிடம் கேட்டு வாங்கினேன். டாக்டர் மேசையில் நோட்டை விரித்து வைத்தேன், பதினொரு குறி. மறுபடியும் வயது என்று ஆரம்பித்தார். அப்ப, என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன்னுட்டீங்கன்னு என் ஃபைல்ல எழுதுங்க டாக்டர் என்றேன். யாரோ பேசுவதுபோல இருந்தது. டாக்டர் குறிகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். பரிசோதனை முடிவு வந்த அன்று வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தேன், வழக்கமான அளவுதான். போன ஞாயிறு போதகர் என் பெயரை வாசித்தார், கருப்பை என்றே சொல்லச் சொல்லியிருந்தேன், சொன்னார், அவருக்குக் காது சிவந்துவிட்டது. காபி முடிந்து நான் கோப்பை கழுவும் இடத்துக்கு இரண்டு பெண்கள் வந்து, எனக்கும் படுது நேல்ச்சே, எத்தனை நிமிஷம் கேக்கணும் என்று மெதுவாகக் கேட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்குப் பேசியபோது மாதாமாதம் ரத்தம் கொட்டுகிறது, வேலையிடத்தில் மயங்கி விழுந்தேன் என்று நீ சொன்னாய். பொறுத்துக்கோ, நாங்கல்லாம் பொறுக்கலையா என்றேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்த உடம்பும் தேவன் நம்மை நம்பிக் கொடுத்ததுதான். டாக்டரிடம் உனக்குக் கிடைக்கும் நேரத்தில் மருமகனின் இருமலைப் பற்றிப் பேசாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பதில் எழுதும்போது குழந்தையின் பல்லைப் பற்றிப் பிறகு எழுதலாம், முதல் வரியில் நீ டாக்டரைப் பார்க்கும் தேதியை எழுது. நோட்டில் என் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே அதற்கு ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
நேல்ச்சே