கரண்ட் வந்தபோது

29.3.96, வெள்ளி

பல்கலைக்கழகத்தில் இன்று எனக்குப் பிரிவு உபசார விழா. பிள்ளைகள் ஜாஸ் கேட்டார்கள். பல்செட் கட்டியதிலிருந்து ட்ரம்பெட்டில் எனக்கு வெறும் காற்றுதான் வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கப்பல் பேண்டில் இருந்த காலத்தில் நானே வாசித்துப் பதிவு செய்த கேசட்டை மேடைக்குப் பின்னால் ஓடவிட்டேன். கன்னத்தை உப்பிக்கொண்டு விரல்களை மட்டும் ஆட்டினேன்.

பாதியில் கரண்ட் போய்விட்டது. சத்தம் அறுந்தது. மைக் போனதால் நான் நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். என்னிடம் ட்ரம்பெட் படித்த செல்வி முன்வரிசையிலிருந்து கத்தினாள்.

"மைக் எதுக்கு சார்? நீங்க ஊதுனா ஜங்ஷன் வரைக்கும் கேக்கும்லா!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

"கரண்ட் வரட்டும்மா, வாசிக்கேன்" என்றேன். ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தேன். ஊதுகிற வாத்தியத்துக்குக் கரண்ட் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு மரியாதை.

கரண்ட் வந்தது. கேசட் ஒரு முனகலோடு, விட்ட இடத்திலிருந்து தானாக ஓட ஆரம்பித்தது. என் கையில் கைக்குட்டைதான் இருந்தது. அந்த வயதில் எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறேன்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிரித்துத் தொலைத்திருக்கலாம்.