சவிரியின் யப்பான் வாய்ச்சி

மாசி, செவ்வாய்க்கிழமை இரவு.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். மருமகன் சவிரி, தன் வள்ளத்தின் ஓட்டையை அடைக்கப் பலகை செதுக்கவென்று மன்னார்க் கடையில் மலிவான யப்பான் வாய்ச்சி வாங்கி வந்த அன்றே, "இது வேப்பம் பலகையைக் கண்டால் அழும்" என்றேன். இன்று அழுதது. வள்ளத்துப் பலகையில் நாலு கொத்துக் கொத்தியதும் அதன் வாய் ஓலைபோல மடங்கிவிட்டது.

"மாமா, விடியப் பங்குச் சாமியார் வள்ளத்தை ஆசீர்வதிக்க வாறார். ஓட்டை வள்ளத்தையோ மந்திரிக்கிறது?" என்றான். கண் கலங்கியிருந்தது.

"கொழும்புத் துரைமாரே என்ர வாய்ச்சியைக் கேட்டு வந்தவங்கள், தெரியுமோ?" என்று என்னுடையதைக் கொடுத்தேன். முருங்கன் ஊர்க் கொல்லர் அடித்தது. அதன் விலைக்கு யப்பான் வாய்ச்சி மூன்று வாங்கலாம். பொழுதுபட முன் பலகை பொருந்திவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"இது எத்தினை வருசம், மாமா?"

"பத்து. வாங்கின நாளிலிருந்து உலைப்பக்கமே போகேல்லை."

"அப்ப நானும் அவரிட்டையே வாங்கிறன்."

நெஞ்சு குளிர்ந்துபோனது. ஆனால் படுத்த பிறகு ஒன்று உறுத்துகிறது. உலைப்பக்கம் போகவில்லை என்றது நானாகச் சேர்த்தது. ஆண்டுதோறும் ஒரு கட்டுக் கருவாட்டோடு முருங்கனுக்குப் போகிறேன். கொல்லர் காசு வாங்காமல், உலையில் வைத்து அடித்துப் புது வாய் எடுத்துத் தருகிறார். கொடுத்த விலை அதற்கும் சேர்த்துத்தான். யப்பானுக்கு யார் கருவாடு கொண்டு போவது?

இதைக் காலையில் சவிரியிடம் சொல்லிவிட வேண்டும். கொழும்புத் துரைமார் கதையை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.