காயலில் விழுந்த புள்ளி

மட்டாஞ்சேரி,
செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் முதல் வேலையாக, நனைந்த குடையை மின்விசிறியின் கீழ் விரித்து வைத்தேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நகரத்தை ஸ்மார்ட் ஆக்கும் வேலையில், நடைபாதைக் கடைகளுக்குக் கைபேசி வரைபடத்தில் இடம் குறிக்கிறோம். குறித்த இடத்திலேயே கடைக்காரரை நாங்கள் படமெடுத்தால்தான் அவருடைய விற்பனை அட்டை நீடிக்கும். தேனியிலிருந்து வந்து பூ விற்கும் செல்வலட்சுமியின் புள்ளி, எப்படியோ நகர்ந்து காயலுக்குள் விழுந்திருக்கிறது.

“மீனுங்க தலையில வைக்கவா அக்கா நான் பூக் கட்டுறேன்?” என்று சிரித்தாள். பிறகு, “அட்டை போச்சுன்னா விரட்டிருவாங்களே” என்றாள்.

எங்கள் பிரிவுத் தலைவர் மலையாளி இளைஞர். “என்ன செய்யான் சேச்சி, புள்ளியை மாத்த சிஸ்டம் சம்மதிக்கில்லல்லோ” என்றார். நாளை கடைசி நாள்.

மாமா வரும்போது சின்னக் குக்கரைக் கொடுத்தனுப்புங்கள். இங்கிருப்பது ஒரு ஆளுக்குப் பெரிது.

நேரமாகிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பா: நாளை அவளைப் பூக்கூடையோடு வள்ளத்தில் ஏற்றிப்போய், அந்தப் புள்ளியிலேயே படமெடுக்கப்போகிறேன்.

சுபாஷிணி