காதோரம் குலுக்கிய காப்பிப் பழம்

அன்புள்ள நண்பா,

இன்று காலை கொட்டச்சேட்டுத் தோட்டத்திலிருந்து காப்பி மூட்டைகள் கடைக்கு வந்து இறங்கின. வழக்கம்போல ஒன்றைப் பிரித்து, காய்ந்த பழத்தில் ஒரு பிடியை இடது கையால் அள்ளிக் காதோரம் குலுக்கினேன். உள்ளே கொட்டை கலகலவென்று ஆடினால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. சத்தம் வராவிட்டால் இன்னும் ஈரம். கலகலவென்றுதான் கேட்டது. ஆனாலும் நான் கையை இறக்கவில்லை. கொண்டுவந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, காயலைங்களா?" என்றார். காப்பி காய்ந்துதான் இருந்தது. எனக்குத்தான் உன் ஞாபகம் வந்துவிட்டது.

என் மகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு, வேலைக்குப் போனதும் பீரோ மேல் போட்டுவிட்டுப் போன வயலின் ஒன்று வீட்டில் கிடந்தது. பத்தாவதோடு படிப்பை மூட்டைகட்டிய எனக்கு ஐம்பது வயதில் அதைக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. நீ பகலில் ஓட்டல்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வயலின் வாசிப்பவன். காப்பித்தூள் வாங்க வந்தபோது உள்ளே நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, "கதவுக் கீலுக்கு எண்ணெய் உடு மொதலாளி" என்றாய். கதவில்லை, நான்தான் என்று தெரிந்தபிறகு தினமும் வர ஆரம்பித்தாய்.

தட்டுத்தடுமாறி ஒரு மெட்டு வந்தது. அந்தச் சமயத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் முடிவானது. அவள் பள்ளியில் முதன்முதலாகக் கற்ற அந்த மெட்டை வரவேற்பில் நாமிருவரும் சேர்ந்து வாசிப்போம் என்று, உன்னைக்கூடக் கேட்காமல், போனில் அறிவித்துவிட்டேன். அவள், "அப்பா, மாப்ள ஊட்டுக்காரங்கெல்லாம் வருவாங்கப்பா" என்றாள். மிச்சத்தைச் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன்.

அவள் பயந்ததில் தப்பில்லை. நான் நீட்டிப் பிடித்த சுரமெல்லாம் பலகை மாதிரி விறைத்து நின்றது. அதே சுரம் உன் விரலில் லேசாக அலைந்துகொண்டே இருக்கும். அதற்கு வைப்ரேட்டோ என்று பெயர் சொன்னாய். அது மட்டும் வந்துவிட்டால் பெண்ணின் முகத்தைப் பார்த்து வாசிக்கலாம் என்றிருந்தது எனக்கு.

வந்தால்தானே. விரலை ஆட்டச் சொன்னால் முழங்கை ஆடியது, தோள் ஆடியது, மோவாய்க்கு அடியிலிருந்து வயலின் நழுவியது. என் மனைவி எட்டிப் பார்த்து, குளிர்க்காய்ச்சலா என்று விசாரித்தாள். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விரல் ஊணி நிக்கட்டும், கை தளர்ந்து ஆடட்டும். நடுங்கறது வேற, ஆடறது வேற" என்பாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் நீ கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளியூர்க்காரர் ஒருவர் காப்பி கொண்டுவந்தார். நான் பழத்தைக் குலுக்கினேன். நீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்து, என் தோளைத் தொட்டுப் பார்த்தாய், முழங்கையைத் தொட்டுப் பார்த்தாய். இரண்டும் சும்மா கிடந்தன. மணிக்கட்டு மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இத்தன வருசமா இதத்தான பண்ணிட்டிருக்கற? எதுக்கு எங்கிட்ட வந்து உசுர வாங்கற?"

ஆனால் ஆடியது வலது கை. தந்தியில் ஆட வேண்டியது இடது கை. அன்றைக்கே பழத்தை இடது கைக்கு மாற்றிவிட்டாய். அதில்தான் வம்பு. ஒருவர் வீட்டு விளைச்சலை இடது கையால் தொட்டால் யார் பொறுப்பார்கள்? அந்தக் கிளியூர்க்காரர் முகம் மாறி, "எங்க காப்பி மேல அப்படியென்னங்க கோவம்?" என்று மூட்டையைக் கட்டப் போய்விட்டார். பெண் கல்யாணத்தில் வயலின் வாசிப்பதற்காக என்று நீ விளக்கியபிறகுதான் உட்கார்ந்தார். அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் அவரே விளக்கினார்.

வரவேற்பு மேடையில் என் கை நிஜமாகவே நடுங்கியது. பெண் என்னைப் பார்க்காமல் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நீ சட்டைப் பையிலிருந்து காய்ந்த பழத்தை எடுத்து என் காதோரம் குலுக்கினாய். முன்வரிசையில் இருந்தவர்கள், ஏதோ மந்திரித்துவிடுகிறாய் என்று நினைத்திருப்பார்கள். என் தோள் இறங்கியது. நடுவில் தப்பு வந்தது, வரட்டும். கடைசிச் சுரத்தில் விரல் ஊன்றி நின்றது, கை ஆடியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து, "எங்க அப்பா" என்றாள். அவர் என்னை அதற்குமுன் எத்தனையோ முறை பார்த்தவர்தான்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கினாய், திரும்பி மலையேறவில்லை.

சாயங்காலம் கடை சாத்தியதும் இன்றும் அந்த மெட்டை வாசிக்கிறேன். நடுவில் நான் நிறுத்திக்கொள்ள, நீ மட்டும் வாசிக்கிற இடம் இருக்கிறதல்லவா, அங்கே வந்ததும் வில்லை எடுத்துவிடுவேன். விரல் தந்தியில் ஊன்றியபடியே இருக்கும், சத்தமில்லாமல் கை மட்டும் ஆடும். முதல்முறை அப்படி நின்றபோது மனைவி அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. இப்ப அவன் வாசிக்கற எடம்" என்றேன்.

அதிலிருந்து அந்த இடம் வந்தால் அவள் மிக்சியைப் போடுவதில்லை.